மிஷின் பேசக்கூடாது

— சாவி கெடைக்கலம்மா. மெய்யாலுமே கெடைக்கல. நேத்தே சொன்னேனே.

— முந்தாநாளும் சொன்னீங்க, மண்ணாங்கட்டி அண்ணா. மூணு நாளா இந்த சோடா மிஷின் முன்னாடி உக்காந்திருக்கேன். துரு சுரண்டியாச்சு. கதவு ரப்பர் மாத்தியாச்சு. காசு போடுற வாய் கோணிக் கெடந்துச்சு, அதையும் நிமித்தியாச்சு. முன்பக்கம் எனக்கு இனிமே வேலை இல்ல. பின்பக்கம் பாத்தே ஆகணும்.

— பின்னால இன்னா இருக்கப் போவுது? செவுருதான்.

— செவுத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. மிஷினோட முதுகு அந்த ரூமுக்குள்ளதான் இருக்கு. கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்குது. நாலு மணிக்கு கோபி சார் வண்டி அனுப்பிடுவாரு.

— அனுப்பட்டுமே. முன்னாலேருந்து இழுத்து ஏத்திக்கினு போவட்டும். செங்கம் ரோட்டுல காபி கடை வெச்சிக்கினு இருக்கிறவரு, சும்மா பார்வைக்குத்தான வெக்கப் போறாரு? வெள்ளக்காரனுங்க பக்கத்துல நின்னு போட்டோ புடிப்பானுங்க. அதுக்கு முதுகு எதுக்கு?

— பார்வைக்கு இல்லண்ணா. ஓட வெச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். காசு போட்டா கலர் சோடா பாட்டில் வரணும். பழையபடியே.

— அது ஓடாதும்மா.

— அத நான் சொல்லணும். இருவது வருஷமா ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கா இருக்கேன். வேங்கிக்கால்ல எந்த வீட்டு ஃப்ரிட்ஜ் நின்னாலும் வினோதினிக்குத்தான் போன் வரும்.

— நீ கெட்டிக்காரிதான். யாரு இல்லன்னாங்க? ஆனா அது ஓடாது. வுட்டுடு.

— நீங்க இந்த டாக்கீஸ்ல எத்தன வருஷமா வாட்ச்மேன்?

— மூடுனதுலேருந்து. பதினேழு வருஷம் ஆவுது.

— அதுக்கு முன்னாடி?

— அதுக்கு முன்னாலயும் இங்கதான். உள்ள வேலை.

— உள்ள வேலைன்னா? ஆப்பரேட்டரா? டிக்கெட் கிழிக்கிறதா?

— உள்ள வேலைம்மா. இன்னான்னு சொல்றது.

— சரி, சொல்லாதீங்க. அடுத்த வாரம் இடிக்க ஆரம்பிக்கிறாங்களாமே. கல்யாண மண்டபம் கட்டப் போறாங்கன்னு போர்டு வெச்சிருக்காங்க. நீங்க எங்க போவீங்க?

— யாருக்குத் தெரியும். பொண்டாட்டியா, புள்ளையா? தலைக்கு ஒரு கூரை இருந்தா போதும். நாளைக்கு பௌர்ணமி. கிரிவலம் சுத்திட்டு வந்துதான் அத யோசிக்கணும்.

— மாசா மாசம் போவீங்களா?

— முப்பத்துநாலு வருஷமா ஒண்ணு வுட்டதில்ல. காய்ச்சலோட போயிக்கிறேன். மழையில போயிக்கிறேன்.

— அவ்ளோ பக்தியா?

— பக்தின்னு சொன்னா மலை மேல இருக்கிறவருக்கே சிரிப்பு வரும். பாதை நெடுக சாமியாருங்க குந்திக்கினு இருக்காங்க இல்ல? அவுங்க கையில ஆளுக்கு ஒரு ரூபா வெப்பேன். தட்டுல போட மாட்டேன். கைய நீட்டு சாமின்னு கேட்டு, கையில வெப்பேன். கையப் பாப்பேன்.

— கைரேகை பாக்கத் தெரியுமா உங்களுக்கு?

— ரேகையெல்லாம் தெரியாது. சும்மா கையப் பாப்பேன். ஒருத்தரு அடிக்கவே வந்துட்டாரு, இன்னாடா என் கையவே மொறைச்சிக்கினு நிக்கிறன்னு.

— நல்ல வேண்டுதல் போங்க. சரி, பேச்சு மாத்தி நேரத்தக் கடத்தாதீங்க. சாவி.

— கெடைக்கலம்மா.

— அப்ப சுத்தியல எடுக்கிறேன்.

— யம்மா, யம்மா, அந்தப் பூட்ட ஒடைக்காத! உனக்கு இன்னா அப்பிடி அவசரம்? கோபி சார்கிட்ட முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. வேற வேலையா கெடைக்காது உனக்கு?

— கோபி சாருக்காக நான் வரலண்ணா. அவரு கடைக்கு ஏசி சர்வீஸுக்குப் போனேன். பழைய டாக்கீஸ் சாமான் வாங்கிப் போட்டிருக்கேன், அதுல ஒரு சோடா மிஷினும் இருக்குன்னு அவரு சொன்னாரு. எந்த டாக்கீஸ்னு கேட்டேன். கேட்டதும் ஸ்பேனர கீழ வெச்சிட்டேன். இந்த மிஷின நான் தொட்டுப் பாக்கணும், கூலியே வேணாம்னு சொன்னேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு.

— ஏன், இதுல அப்பிடி இன்னா இருக்குது?

— ஒரு பார்ட் இருக்கு. அதத்தான் தேடுறேன்.

— இன்னா பார்ட்டு?

— சின்ன வயசுல ஒரு தடவ இதுல காசு போட்டேன். எட்டு வயசு. பாட்டில் வந்துச்சு. பாட்டிலோடயே என் காசும் திரும்பி வந்துச்சு. மறுபடி அதே காசப் போட்டேன். மறுபடி பாட்டில், மறுபடி காசு. மூணு தடவ. எந்த மிஷினும் அப்படிப் பண்ணாதுண்ணா. சரக்கு இல்லன்னா காசத் திருப்பிக் கொடுக்கும், அதுக்கு பார்ட் உண்டு. பாட்டிலையும் கொடுத்து காசையும் கொடுக்குறதுக்கு பார்ட் கெடையாது. லாஜிக்கே இல்ல. நானும் இருவது வருஷமா எவ்வளவோ மிஷின் பிரிச்சுப் பாத்துட்டேன். அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாக்கணும். ஒரு தடவ பாத்தா போதும்.

— மூணு வாட்டியா?

— ஆமாண்ணா. என்னமோ பேய பாத்த மாதிரி நிக்கிறீங்க.

— எந்த வருஷம் அது?

— தொண்ணூத்தொண்ணு. வெயில் காலம். ஏன் கேக்குறீங்க?

— ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். இந்தா.

— சாவி! இடுப்புலயே வெச்சிருந்தீங்களா?

— அருணாக்கயிறுலதான் கெடக்குது. எப்பவும் அங்கதான். நீயே தொறந்துக்க. எனக்குக் கை வரல.

— துரு ஏறியிருக்கு. எண்ணெ போடணும்... ம். தொறந்துடுச்சு. அப்பா, என்ன நாத்தம். வவ்வாலா?

— பெருச்சாளி. தலைய குனிஞ்சிக்க, நெலை ரொம்பத் தாழ்வா இருக்கும்.

— டார்ச்ச இப்டி காட்டுங்க. கொஞ்சம் கீழ. ... அண்ணா, மிஷின் முதுகுல தகடே இல்லையே. யாரோ வெட்டி எடுத்திருக்காங்க.

— ம்.

— கம்ப்ரஸர் இருக்கு. ஆனா இது... இருங்க. பட்டையில என்னமோ எழுதியிருக்கு. தொடச்சுக்கிறேன். நூத்திப்பத்து வோல்ட்! இது வெளிநாட்டு மிஷின்ணா. நம்ம ஊரு கரண்ட்டு இருநூத்திமுப்பது. ட்ரான்ஸ்ஃபார்மர் வெக்காம போட்டா ஒரு நிமிஷம் தாங்காது. ஆமா, காயில் கருகிக் கெடக்கு பாருங்க. ஆனா பெல்ட்டு, ஃபேன் எல்லாம் தேயாம புதுசு மாதிரி இருக்கு. இது ஒரு நாள் கூட ஓடலண்ணா!

— அரை நாள் கூட ஓடல.

— பின்ன ஊரே இதுல கலர் வாங்கிக் குடிச்சுதே! இதென்ன, கோணிப்பை, தகர டப்பா, ஒரு ஸ்டூல்... ஸ்டூல் நடுவுல பள்ளமே விழுந்திருக்கு. ஐஸ் வெக்கிற மரப்பெட்டி. பாட்டில் உருள்ற சரிவு இங்க ஸ்டூலுக்கு நேரா வந்து நிக்குது. அண்ணா.

— சொல்லும்மா.

— இங்க யாரு உக்காந்திருந்தாங்க?

— நீ மொதல்ல வெளிய வா. காத்தாட நின்னுக்க.

— யாரு உக்காந்திருந்தாங்கன்னு கேக்குறேன்.

— நான்தாம்மா. பத்தொம்போது வருஷம். நான்தான் மிஷினு.

— வெளையாடாதீங்க.

— இதுல இன்னா வெளையாட்டு? உள்ள வேலைன்னு சொன்னேனே. மொதலாளி மெட்ராஸ் துறைமுகத்துல ஏலத்துல எடுத்துக்கினு வந்தாரு இத. வட ஆற்காடு ஜில்லாவுலயே இல்லாத மிஷினுன்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டினாரு. திறப்பு விழாவுக்கு பெரிய பெரிய ஆளுங்களெல்லாம் வந்தாங்க. மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, பூசணிக்கா ஒடைச்சு, சுவிட்ச் போட்டாரு. பொகை வந்துச்சு. எல்லாரும் சாம்பிராணின்னு நெனச்சு கன்னத்துல போட்டுக்கினாங்க.

— அய்யய்யோ.

— சிரிக்கிற இல்ல? அன்னைக்கு யாரும் சிரிக்கல. வாசல் வரைக்கும் ஜனம், எல்லாரு கையிலயும் ஒத்த ரூபா. மொதலாளி மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் அப்போ சைக்கிள் ஸ்டாண்டு பாத்துக்கினு இருந்தேன். என் கழுத்தப் புடிச்சு பின்னால தள்ளிக்கினு வந்தாரு. தகட்ட வெட்டச் சொன்னாரு. ஒரு பார் ஐஸு, ரெண்டு பெட்டி கலரு. டேய் மண்ணாங்கட்டி, காசு வுழுந்த சத்தம் கேட்டா பாட்டில உருட்டி வுடு. ரெண்டே நாள்டா, மெட்ராஸ்லேருந்து ஆளு வந்து சரி பண்ணிடுவான்னாரு. எவனும் வரல.

— அதுக்காக பத்தொம்போது வருஷமா?

— ரெண்டு நாள் ஒரு வாரமாச்சு. வாரம் வருஷமாச்சு. ஜில்லுன்னு வருதுடான்னு ஊரே மெச்சிக்கினு இருக்கும்போது, உள்ள ஒருத்தன் குந்திக்கினு கீறான்னு எப்பிடி வெளிய சொல்றது? என்ன மலையப் பாத்து நிக்க வெச்சு, கற்பூரம் ஏத்தி, அத அடிச்சு சத்தியம் வாங்கினாரு. மிஷின் பேசக்கூடாது. இருமக்கூடாது. தும்மக்கூடாது. செத்தாலும் சத்தம் வெளிய போவக்கூடாது.

— பூட்டு வெளிப்பக்கம் இருக்கே.

— ஆமா. எவனாச்சும் தெரியாத்தனமா உள்ள வந்துட்டா? ஷோ ஆரம்பிச்சதும் மேனேஜரு வெளிய பூட்டிக்கினு போயிடுவாரு. இடைவேளை முடிஞ்சு தொறப்பாரு. ஒண்ணுக்குப் போவ அப்போதான் நேரம்.

— ஜெயில்ல கூட ஜன்னல் இருக்கும்.

— வேற யாரு வேலை கொடுப்பாங்க எனக்கு? எனக்கு முன்னால ரெண்டு புள்ளைங்க செத்துப் போச்சுன்னு, இதாச்சும் தங்கட்டும்னு மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சு வளத்தாங்க. பள்ளிக்கூடம் போவல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. ஆயுத பூஜை அன்னைக்கு மொதலாளி படம் ஓட்டுற மிஷினுக்குப் பொட்டு வெப்பாரு, டிக்கெட் பொட்டிக்கு வெப்பாரு, இந்த மிஷினுக்கு முன்னால ஒரு பொட்டு வெப்பாரு. அப்பால சந்தனக் கிண்ணத்த எடுத்துக்கினு தனியா இந்த ரூமுக்குள்ள வந்து, என் நெத்தியில ஒண்ணு வெப்பாரு. பொரியும் கொடுப்பாரு.

— உங்களுக்குக் கோவம் வரலையா?

— எனக்கு அது புடிச்சிருந்துச்சும்மா. என்ன ஒருத்தர் தொடுறது அந்த ஒரு நாள்தான்.

— டார்ச்ச அந்தப் பக்கம் திருப்புங்கண்ணா.

— நீ அழுவறியா, சிரிக்கிறியா? இருட்டுல தெரியல.

— ரெண்டும் இல்ல. யோசிக்கிறேன். அப்ப எனக்குக் காசு திருப்பிக் கொடுத்தது எந்தப் பார்ட்டும் இல்ல.

— பார்ட்டு இல்ல.

— நீங்க.

— சின்னக் கை. மருதாணி வெச்சது, பாதி அழிஞ்சு போயி. இங்கேருந்து எனக்கு மூஞ்சி தெரியாது. பாட்டில எடுக்க உள்ள வர்ற கை மட்டும் தெரியும். பத்தொம்போது வருஷம் நான் மனுசன் மூஞ்சியே பாக்கல, கையத்தான் பாத்தேன். அந்தக் கைகிட்ட காசு வாங்க மனசு வரல. பாட்டில் கழுத்துல காச ஒட்ட வெச்சு உருட்டினேன்.

— மூணு தடவ.

— நீ மூணு வாட்டி போட்ட, நானும் மூணு வாட்டி வெச்சேன். நாலாவது வாட்டி நீ போடல.

— வயிறு முட்டிப் போச்சு. அந்தக் காச அப்படியே வெச்சிக்கிட்டேன். இன்னும் பர்ஸ்லதான் இருக்கு. உங்களுக்குத் தெரியுமாண்ணா, ஹாஸ்டல்ல ராத்திரி யாராச்சும் அழுதா, நான் இந்தக் கதைய சொல்லுவேன். டாக்கீஸ்ல ஒரு மிஷின் இருக்கு, அதுக்கு நம்ம மேல பாசம்னு. மெக்கானிக் ஆனதே இதாலதான். மனுசங்க கைய வுட்டுடுவாங்க, மிஷின் வுடாதுன்னு நெனச்சேன். கல்யாணம் பேசினப்போ கூட அதான் சொன்னேன். ஆள் வேணாம், ஸ்பேனர் போதும்னேன். நாப்பத்திரெண்டு வயசாச்சு. இப்ப நீங்க வந்து, அது மிஷின் இல்ல, மனுசன்ங்கிறீங்க.

— உனக்குக் கஷ்டமா பூட்சா?

— தெரியல. யாரோ வீட்ட மாத்தி வெச்ச மாதிரி இருக்கு. எது எங்க இருக்குன்னு தெரியல.

— ஹாஸ்டலுன்னியே. வூட்டுல யாரும் இல்லையா?

— அம்மா மஞ்சக்காமாலையில போயிட்டாங்க. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்க ஊரு. அம்மா போயி மூணு மாசம் இருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா என்ன பஸ்ல கூட்டிட்டு வந்தாரு. புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்தாரு. இந்த மிஷின் முன்னாடி நிக்க வெச்சு ஒரு ரூபா கொடுத்தாரு. பாப்பா, கலர் வாங்கிக் குடிச்சிட்டு இங்கயே நில்லு, அப்பா பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வர்றேன்னாரு. அவ்ளோதான்.

— நீ என் கூடப் பேசினம்மா அன்னைக்கு.

— பேசினேனா?

— எங்கப்பா வந்துருவாரு, அதுவரைக்கும் நீ இருக்கியான்னு கேட்ட. என் கிட்ட எவனும் அப்பிடி கேட்டதில்ல. பல்லக் கடிச்சிக்கினு குந்தியிருந்தேன்.

— பதில் வரல. அதான் காசு போட்டேன். பாட்டில் வந்துச்சு. சரி, இருக்கேன்னு சொல்லுதுன்னு நெனச்சிக்கிட்டேன்.

— அதத்தான் சொன்னேன்.

— ஆறு மணி ஆட்டம் வுட்ட அப்புறம் மேனேஜர் பாத்தாரு. பேரு கேட்டாரு, ஊரு கேட்டாரு. பயத்துல எனக்கு ஒண்ணும் வரல. சைக்கிள்ல ஏத்தி பெண்புள்ளைங்க இல்லம் ஒண்ணுல கொண்டு போய் விட்டாரு. பன்னண்டு வருஷம் அங்கதான். ஞாயித்துக்கிழமை பாக்க வர்ற நாள். மத்த பிள்ளைங்களுக்கு அத்தையோ மாமாவோ யாராச்சும் வருவாங்க. நான் தலைய சீவி, அந்தப் பாவாடையக் கட்டிக்கிட்டு இரும்பு கேட்டு கிட்ட நிப்பேன். பாவாடை சின்னதாகிற வரைக்கும் நின்னேன்.

— உங்கப்பன் மேல கோவமா?

— விட்டுட்டுப் போனதுக்குக் கோவம் இல்லண்ணா. கஞ்சிக்கு வழி இல்ல, பொண்டாட்டி இல்ல, என்ன பண்ணுவாரு? அது எனக்குப் புரியுது. ஒரே ஒரு தடவ, மறுநாளோ மறுவாரமோ, திரும்பி வந்து இந்த எடத்துல எட்டிப் பாத்திருந்தாருன்னு தெரிஞ்சா போதும். நான் யாருக்காவது வேணும்னு இருந்திருக்கேன்னு ஆயிடும். அவரு எட்டிப் பாக்கல. அதான் இந்த வயசுலயும் ஆறல.

— ஆளு எப்பிடி இருப்பாரு?

— மூஞ்சி மறந்து போச்சு. போட்டோ ஒண்ணும் இல்ல. கை மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. வலது கை கட்டவெரல் பாதிதான் இருக்கும். மல்லாட்டக் கடலை உடைக்கிற மிஷின்ல போயிடுச்சு. அந்தக் குட்ட வெரலப் புடிச்சிட்டுத்தான் நான் நடப்பேன், என் கைக்கு அதுதான் அளவா இருக்கும்... அண்ணா? என்னண்ணா, இப்டி உக்காந்துட்டீங்க? தண்ணி தரட்டுமா?

— எந்தக் கைன்னு சொன்ன?

— வலது கை.

— கட்டவெரலு.

— ஆமாண்ணா. பாதி. ஏன்?

— மொதல் நாளே இத சொல்லியிருக்கலாமே நீ. மூணு நாளா உனக்கு டீ வாங்கிக் குடுத்துக்கினு இருந்தேனே.

— எனக்கு ஒண்ணும் புரியல.

— யம்மா, நீ முன்னால போயி நில்லு.

— எதுக்கு?

— மிஷினுக்கு முன்னால. போ. நான் இங்கயே ஸ்டூல்ல குந்திக்கிறேன். உன் மூஞ்சியப் பாத்துக்கினு எனக்கு சொல்ல வராது. இந்த ஓட்டை வழியாதான் நான் மனுசாளுங்களோட இருந்து பழக்கம்.

— அண்ணா, பயமுறுத்தாதீங்க.

— போம்மா. கால்ல வுழுந்து கேக்கணுமா?

— சரி, போறேன். எழுந்திரிக்காதீங்க, தல சுத்தும். ... வந்துட்டேன். நிக்கிறேன். கேக்குதா?

— நல்லா கேக்குது. எப்பவும் நல்லாத்தான் கேக்கும். அந்தக் காசு வெச்சிருக்கேன்னியே.

— இருக்கு.

— போடு.

— எதுக்குண்ணா?

— காசு வுழுந்தாதான் எனக்கு கை ஓடும். போடு.

— போட்டுட்டேன்.

— மொதலாளி போயிச் சேந்து பன்னண்டு வருஷமாச்சு. கற்பூரம் அடிச்ச சத்தியம் இன்னைக்குப் போவுது. மிஷினு பேசுது, கேட்டுக்க. நீ நின்ன மறுநாள், மேட்னி ஷோ. படம் ஓடிக்கினு இருக்குது, வாசல்ல ஈ காக்கா இல்ல. ஒரு கை காசு போட்டுச்சு. வலது கை. கட்டவெரலு பாதி.

— அண்ணா...

— குறுக்க பேசாதம்மா, வுட்டா எனக்கு மறுபடி வராது. பாட்டில் வர்றதுக்குள்ள அந்தக் கை உள்ள வந்துச்சு. மிஷின் வாயிலயே புடிச்சிக்கினு நின்னுச்சு. எம் பொண்ண இங்கதான் நிக்க வெச்சேன், மனுசங்கள கேட்டா நீ ஏன்டா வுட்டுட்டுப் போனேன்னு காறித் துப்புவாங்க, நீயாச்சும் சொல்லேன், எங்க போச்சு எம் பொண்ணுன்னு கேட்டாரு. அழுதுக்கினே கேட்டாரு. நீ எந்த இல்லத்துல கீறன்னு எனக்குத் தெரியும். காலையிலதான் மேனேஜரு சொன்னாரு. கதவு வெளிய பூட்டியிருக்குது. இடைவேளை முடிஞ்சு தொறந்ததும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன், எதுக்க வந்தவன் கையெல்லாம் பாத்துக்கினே ஓடினேன். ஆளு இல்ல. கையோட கையா அவர இழுத்துக்கினு வந்து உன் முன்னால நிறுத்திட்டு, அப்பால உன் மூஞ்சியப் பாக்கலாம்னுதான், சாமியாராப் போயிருப்பாரோன்னு ஒவ்வொரு கையா பாத்துக்கினு முப்பத்துநாலு வருஷமா மலைய சுத்தறேன்.

— கதவு பூட்டியிருந்தா என்னண்ணா, வாய் இருந்துதே. இந்த ஓட்டையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. அவரு கேட்டப்போ நீங்க என்ன பண்ணீங்க?

— பாட்டில உருட்டி வுட்டேம்மா.